ஐந்து வயது மகளின் கையில் சர்க்கரை சென்சார்: பயன்படுத்திய பிறகு ஒரு மதிப்புரை

முதல் வகை நீரிழிவு உள்ள சிறு குழந்தைகளின் பெற்றோர் சந்தித்துக்கொண்டால், இன்சுலினுக்கு அடுத்தபடியாக அதிகம் பேசப்படுவது கையில் ஒட்டும் சர்க்கரை சென்சாரைப் பற்றித்தான். மேல்கையின் பின்புறத்தில் ஒட்டப்படும், பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டத் தகடு அது. அதன் அடியிலுள்ள மெல்லிய இழை தோலுக்குள் சில மில்லிமீட்டர் இறங்கி, அங்குள்ள திசுநீரின் குளுக்கோஸ் அளவை இரவும் பகலும் அளந்து கைப்பேசிக்கு அனுப்புகிறது. இரண்டு நிறுவனங்களின் சென்சார்களை நாங்கள் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறோம். பெயர்களைக் குறிப்பிடப் போவதில்லை. ஏனெனில் இங்கே நான் சொல்லும் நிறை குறைகளில் பெரும்பாலானவை இரண்டுக்கும் பொருந்துபவை. தவிர, எந்தச் சென்சார் என்பதைவிட, இப்படியொரு கருவி வீட்டுக்குள் வந்ததும் குழந்தையின் சிந்தனையும் நடத்தையும் குடும்பத்தின் அன்றாடமும் எப்படி மாறுகின்றன என்பதே வாங்க நினைப்பவர்களுக்கு உண்மையில் தெரிய வேண்டிய செய்தி.

எங்கள் மகளுக்கு மூன்று வயதில் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. திருச்சியில் இருக்கிறோம். உணவுக்கு முன் மூன்று முறையும் இரவில் ஒரு முறையுமாக நாளொன்றுக்கு நான்கு ஊசிகள். அரை யூனிட் அளவில் கூட்டிக் குறைக்கக்கூடிய இன்சுலின் பேனா. அவள் எடையில் உள்ள குழந்தைக்கு அந்த அரை யூனிட் எவ்வளவு பெரியது என்பதைப் பெரியவர்களின் சர்க்கரையை மட்டும் பார்த்தவர்கள் எளிதில் உணர மாட்டார்கள். ஒரு முழு யூனிட் அவளுடைய சர்க்கரையை நூற்றைம்பது புள்ளிகளுக்கும் மேல் இறக்கிவிடக் கூடியது. என் மாமனாருக்கும் சர்க்கரை உண்டு; அவர் இரண்டு யூனிட்டைப் பற்றிக் கவலையே படுவதில்லை. நாங்கள் பயன்படுத்திய சென்சார் நான்கு வயது நிறைந்தவர்களுக்குத்தான் அனுமதிக்கப்பட்டது என்பதால், அதுவரை விரல் நுனியில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டரோடுதான் காலம் ஓடியது. அந்த ஓராண்டுடன் ஒப்பிட்டே இதை எழுதுகிறேன்.

முதலில், இது வெறும் வசதிக்கான பொருளா என்ற கேள்வி. ஊசிக் குத்து குறைகிறது என்பதுதான் விளம்பரங்களில் முன்னால் நிற்கிறது. அது உண்மைதான் என்றாலும், என் பார்வையில் அது இரண்டாம்பட்சம். ஐந்து வயதை ஒட்டிய காலத்தில், ஓய்வாக இருக்கும் உடல் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை மூளையே எடுத்துக்கொள்கிறது; அதுவும் குளுக்கோஸாக. அந்த வயதில் இரத்தச் சர்க்கரை தாறுமாறாக ஏறி இறங்கினால் மூளை பாதிக்கப்படுமா என்ற அச்சம் மருத்துவர்களுக்கு நெடுங்காலமாக உண்டு. தொடக்கத்தில் அந்த அச்சம் முழுவதும் சர்க்கரை இறங்குவதைப் பற்றியதாகவே இருந்தது. ஐந்து வயதுக்கு முன் நோய் வந்து, சர்க்கரை மிக இறங்கி வலிப்பு ஏற்பட்ட குழந்தைகள் பின்னாளில் சில திறன் சோதனைகளில் பின்தங்கியது 1980களிலேயே கவனிக்கப்பட்டது. அதன் விளைவாக, சிறு குழந்தைகளுக்குச் சர்க்கரை சற்று உயரத்தில் இருந்தாலும் பரவாயில்லை, இறங்கிவிடக் கூடாது என்பதே பொதுவான சிகிச்சை மனப்பான்மையாயிற்று. பெற்றோரும் அப்படியே நடந்துகொண்டோம். இரவு படுக்கும்போது 250 இருந்தால் பயம் இல்லாமல் தூங்கினோம். 110 இருந்தால் பாலும் பிஸ்கட்டும் கொடுத்து ஏற்றிவிட்டுத்தான் படுத்தோம்.

அமெரிக்காவில் டைரக்நெட் என்ற ஆய்வுக் கூட்டமைப்பு, நான்கு முதல் பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை எம்.ஆர்.ஐ. படங்கள் மூலம் தொடர்ந்து கவனித்தது. முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைகளின் மூளையில் சில பகுதிகள், நோயில்லாத குழந்தைகளைவிட மெதுவாக வளர்வதையும், அந்த மந்தம் சர்க்கரை உயர்ந்தே இருந்த காலத்தோடு அதிகம் தொடர்புகொண்டிருப்பதையும் அவர்கள் கண்டார்கள். 2021-இல் வெளியான தொடர் அறிக்கையில், குழந்தைகள் பருவ வயதை நெருங்கிய பிறகும் அந்த வேறுபாடு மறையவில்லை என்று தெரிந்தது. இதைப் படித்துப் பெற்றோர் கலங்க வேண்டியதில்லை. வேறுபாடு குழுக்களின் சராசரியில் தெரியும் சிறு வேறுபாடு. அந்தக் குழந்தைகள் பள்ளிக்குப் போகிறார்கள், படிக்கிறார்கள், பாடுகிறார்கள். ஆனால் "உயரமாக இருந்தால் பாதுகாப்பு" என்ற நம்பிக்கைக்கு அடியில் நிலம் இல்லை என்பது அதிலிருந்து தெளிவாகிறது. 13 முதல் 39 வயது வரையிலான முதல் வகை நீரிழிவாளர்களைச் சேர்த்த டி.சி.சி.டி. என்ற சர்க்கரைக் கட்டுப்பாட்டு ஆய்வில், கட்டுப்பாட்டை இறுக்கியதால் அடிக்கடி சர்க்கரை இறங்கியவர்களுக்கும் சிந்தனைத் திறன் குறையவில்லை என்று 18 ஆண்டுக் கவனிப்புக்குப் பின் 2007-இல் அறிவித்தார்கள். நான்கு வயது மூளைக்கு அந்த ஆறுதலை அப்படியே பொருத்திவிட முடியாது. ஆக, சிறு குழந்தையின் பெற்றோர் ஏறவும் விடக் கூடாது, இறங்கவும் விடக் கூடாது. நாளுக்கு எட்டு முறை விரலில் குத்திப் பார்ப்பதால் மட்டும் அது சாத்தியமில்லை. எட்டு எண்களுக்கு நடுவே என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது.

சென்சாரின் முதல் பயனாக நான் சொல்வது இதைத்தான். அதில் எண்ணோடு ஓர் அம்புக்குறியும் வருகிறது. 140 என்ற எண் தனியாக எதையும் சொல்வதில்லை. 140-உம் நேராகக் கீழே பார்க்கும் அம்பும் சேர்ந்தால், இன்னும் கால் மணி நேரத்தில் ஏதாவது கொடுத்தாக வேண்டும் என்று பொருள். எங்கள் வீட்டில் காலை உணவு இட்லி, தோசை, பொங்கல் என்று மாறும். இட்லிக்குச் சர்க்கரை விரைவாக ஏறி இறங்குவதும், நெய் விட்ட பொங்கலுக்கு இரண்டு மணி நேரம் அமைதியாக இருந்துவிட்டுப் பிறகு ஏறுவதும் வரைபடத்தில் அப்படியே விழுந்தன. ஊட்டச்சத்து ஆலோசகர் இதை முன்பே சொல்லியிருந்தார். ஆனாலும் கண்ணால் பார்த்த பிறகுதான் இட்லிக்குப் பதினைந்து நிமிடம் முன்னதாக ஊசி போடுவதையும், பொங்கல் நாளில் மருத்துவரிடம் கேட்டு மருந்தைப் பிரித்துப் போடுவதையும் பழக்கமாக்கிக்கொண்டோம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி குறைந்தது மகிழ்ச்சிதான். ஆனால் 70-க்கும் 180-க்கும் இடையில் இருக்கும் நேரம் எத்தனை சதவீதம் என்று செயலி காட்டும் கணக்கே எனக்கு அதிகம் பயன்படுகிறது. அது எழுபதைத் தாண்ட வேண்டும் என்பது பொதுவான இலக்கு. நாங்கள் சில வாரங்களில் தொடுகிறோம், காய்ச்சல் வந்த வாரத்தில் ஐம்பதோடு நிற்கிறோம்.

நடத்தை பற்றிய பகுதிக்கு வருகிறேன். மதிப்புரைகளில் யாரும் எழுதாத, ஆனால் சிறு குழந்தை உள்ள வீட்டில் மிகப் பெரிய பகுதி இது.

சர்க்கரை இறங்கும்போது சிறு குழந்தை "எனக்கு மயக்கமாக இருக்கிறது" என்று சொல்லாது. அழும், அடிக்கும், கையிலிருப்பதை வீசும், அல்லது ஓர் ஓரமாகப் போய்ச் சுருண்டு படுக்கும். ஏறியிருக்கும்போது எரிச்சல், சோர்வு, சொன்னதைக் காதில் வாங்காமை. இவை எல்லாமே நோயில்லாத நான்கு வயதுக் குழந்தையும் செய்பவை. குளுக்கோமீட்டர் காலத்தில் மகள் அடம்பிடித்தாலே நாங்கள் விரலைப் பிடித்துக் குத்தினோம். அடம்பிடித்தால் குத்துவார்கள் என்று அவளுக்கும் பதிந்துபோனது. அது தண்டனை அல்ல என்று எத்தனை முறை சொன்னாலும் நான்கு வயதுக்கு அது தண்டனைதான். மறுபக்கம், இறங்கியிருக்குமோ என்ற ஐயத்தில் அடம்பிடிக்கும்போதெல்லாம் இனிப்பு கொடுத்துப் பழக்கினோம். இப்படி வளரும் குழந்தைக்கு எது ஒழுக்கம், எது மருத்துவம் என்று எப்படிப் புரியும்?

சென்சார் இந்த முடிச்சைப் பெருமளவு அவிழ்த்தது. சிலேட்டை வீசினாள் என்றால் கைப்பேசியைப் பார்க்கிறோம்; 62, அம்பு கீழே என்றால் சத்தம் போடாமல் குளுக்கோஸ் கொடுக்கிறோம், சிலேட்டைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். 128, அம்பு கிடைமட்டம் என்றால் அது சாதாரணக் கோபம், எந்தக் குழந்தைக்கும் சொல்வதைத்தான் அவளுக்கும் சொல்கிறோம். வீட்டில் ஒழுங்கு என்பது திரும்பி வந்தது இதற்குப் பிறகுதான். சமீபத்தில் அண்ணனோடு சண்டையிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவளை நெருங்கி நான் கைப்பேசியை எடுத்தபோது, "எனக்கு லோ இல்லம்மா, கோவம்தான்" என்றாள். இரண்டையும் பிரித்தறிய அவளே கற்றுக்கொண்டிருக்கிறாள் என்பது இந்தக் கருவிக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பெரும்பங்கு.

ஆனால் அதே சம்பவத்தில் இன்னொன்றும் இருக்கிறது. நான் அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கைப்பேசியைப் பார்த்தேன். "பசிக்கிறதா?" என்று கேட்பதற்கு முன், "தூக்கம் வருகிறதா?" என்று கேட்பதற்கு முன், எண்ணைப் பார்க்கிற பழக்கம் வீட்டிலுள்ள எல்லோருக்கும் வந்துவிட்டது. உறவினர்கூட வாசலில் நுழைந்ததும் "இப்போ எவ்வளவு?" என்றே கேட்கிறார்கள். குழந்தையைத் தேர்வுத் தாளாகப் பார்க்கும் இந்தப் போக்கு கருவியோடு கூடவே வரும், பெட்டியின் மேல் எழுதப்படாத பக்கவிளைவு. எங்கள் மருத்துவமனையின் நீரிழிவுக் கல்வியாளர் சொன்ன ஓர் ஒழுங்கை இப்போது கடைப்பிடிக்கிறோம்: எண்ணுக்கு நல்லது கெட்டது என்ற அடைமொழி கிடையாது, கூட, குறைவு, சரி என்ற மூன்று மட்டும். "ஏன் 300 ஆச்சு? என்ன சாப்பிட்டே?" என்ற கேள்வியை வீட்டில் தடை செய்தோம். அந்தக் கேள்வி தொடர்ந்தால், பத்து வயதில் குழந்தை ஒளித்துச் சாப்பிடும், பதினைந்து வயதில் சென்சாரைப் பிய்த்துப் போடும் என்று அவர் எச்சரித்தார்.

இரவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சென்சாருக்கு முன் நள்ளிரவிலும் மூன்று மணிக்கும் அலாரம் வைத்து எழுந்து, டார்ச் வெளிச்சத்தில் தூங்கும் குழந்தையின் விரலைத் தேடிக் குத்தினோம். பகலில் எனக்கும் கணவருக்கும் இருந்த எரிச்சலில் பாதிக்குமேல் தூக்கமின்மைதான் காரணம் என்பது தூங்கத் தொடங்கிய பிறகே விளங்கியது. இப்போது எண் 75-க்குக் கீழே போனால் மட்டுமே கைப்பேசி எழுப்புகிறது. எழுப்பாத இரவுகள் பல. ஆனால் பொய்யாக எழுப்பும் இரவுகளும் உண்டு. குழந்தை சென்சார் ஒட்டிய கையின் மேல் புரண்டு படுத்தால், அந்த இடம் அழுந்தித் திசுநீர் ஓட்டம் குறைந்து, இல்லாத வீழ்ச்சியை அது காட்டும். திடீரென்று 50 என்று அலறும். விரலில் குத்திப் பார்த்தால் 120 இருக்கும். இது எல்லா நிறுவனச் சென்சார்களிலும் உள்ள இயல்பு. இரவில் அலறினால் முதலில் குழந்தையை மறுபக்கம் திருப்பிப் படுக்க வையுங்கள், பிறகு விரலில் குத்தி உறுதி செய்யுங்கள், அதன் பின் குளுக்கோஸ். இந்த வரிசை தெரியாமல், தூங்கும் குழந்தையை எழுப்பித் தேவையில்லாமல் சர்க்கரைத் தண்ணீர் புகட்டும் குடும்பங்களை நான் அறிவேன்.

எச்சரிக்கை ஒலியின் அளவுகளை நிர்ணயிப்பதில் தாராளமாக இருங்கள். உயர் எல்லையை 180-இல் வைத்தால் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் அது கத்தும். மூன்றாம் நாள் நீங்கள் ஒலியையே அடக்கிவிடுவீர்கள், உண்மையான ஆபத்தும் அதோடு அடங்கிவிடும். எங்கள் மருத்துவர் சொன்னபடி பகலில் 250-இல் வைத்திருக்கிறோம்.

குடும்பத்துக்குள் கருவி செய்த மாற்றங்களில் எதிர்பாராதது, பொறுப்பு இடம் மாறியது. முன்பு எண் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எனவே ஊசி, உணவு, கவலை எல்லாமே என் தலையில். செயலியில் மற்றவர்களும் பின்தொடரும் வசதி இருப்பதால், வார நாட்களில் வெளியூரில் வேலை பார்க்கும் கணவருக்கும் அதே வரைபடம் தெரிகிறது. தொடக்கத்தில் இது நிம்மதியைவிடச் சண்டையைத்தான் தந்தது. அம்பு சற்றுச் சாய்ந்தாலே அலுவலகத்திலிருந்து அழைத்து, "பாத்தியா? ஏதாவது குடுத்தியா?" என்று கேட்பார். அடுப்படியில் கையை வைத்துக்கொண்டு பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனேன். பிறகு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம்: குழந்தையின் பக்கத்தில் இருப்பவரின் முடிவே முடிவு, தூரத்தில் இருப்பவர், எண் 70-க்குக் கீழே போய்க் கால் மணி நேரமாகியும் ஏறாவிட்டால் மட்டும் அழைக்கலாம். பின்தொடரும் வசதியை யாருக்குக் கொடுக்கிறீர்களோ, அவர்களோடு இந்த விதியை முதல் நாளே பேசிவிடுவது நல்லது.

அத்தையின் விஷயம் வேறு. நோய் வந்த புதிதில், "ஏம்மா, சாக்லேட் ரொம்பக் குடுத்தியோ?" என்று கேட்டவர் அவர். முதல் வகை நீரிழிவு, உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தின் இன்சுலின் சுரக்கும் செல்களை அழிப்பதால் வருவது. இனிப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர் விளக்கியும் அவர் நம்பவில்லை. வரைபடத்தைத்தான் நம்பினார். ஒன்றுமே சாப்பிடாத விடியற்காலையில் கோடு மெல்ல ஏறுவதைப் பார்த்தவர், "சாப்பிடாமலே ஏறுதே" என்று சொன்னதோடு அந்தக் கேள்வி வீட்டைவிட்டுப் போயிற்று. இப்போது சாயங்காலம் சுண்டல் கொடுப்பதற்கு முன் அம்பைப் பார்ப்பவர் அவர்தான். மூத்த மகனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவனுக்கு எட்டு வயது. தங்கைக்கு ஒலி எழும்போதெல்லாம் எல்லோரும் அவளிடம் ஓடுகிறோம். அவன் அடிபட்டு வந்தால் அப்படி ஒலி எழுவதில்லை. சென்சார் இந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கவில்லை, சொல்லப்போனால் சற்றுக் கூட்டியிருக்கிறது. ஞாயிறு மாலைகளில் கைப்பேசியைக் கணவரிடம் கொடுத்துவிட்டு நான் அவனோடு மட்டும் காவிரிக் கரைக்குப் போய் வருகிறேன்.

பள்ளியில் இது எப்படி வேலை செய்கிறது என்பது முழுக்க முழுக்க ஆசிரியரைப் பொறுத்தது. முதலில் சேர்த்த பள்ளியில் வகுப்பறைக்குள் கைப்பேசி கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சென்சார் அனுப்புவதை வாங்கிக்கொள்ள அருகில் ஒரு கைப்பேசி இருந்தாக வேண்டும் என்பதை விளக்கியும் பயனில்லை. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் மாநிலங்களுக்கு அனுப்பிய கடிதத்தில், முதல் வகை நீரிழிவு உள்ள மாணவர்கள் வகுப்பில் சர்க்கரையைச் சோதிக்கவும், இன்சுலின் போடவும், இடையில் உணவு எடுக்கவும் அனுமதிக்க வேண்டும் என்று கூறியிருக்கிறது. அதன் நகலை வைத்திருங்கள், உதவும். இப்போதைய பள்ளியில் வகுப்பாசிரியை பழைய கைப்பேசி ஒன்றைத் தன் மேசை இழுப்பறையில் வைத்துக்கொள்கிறார். "அம்மா, பி.டி. பீரியட்ல அம்பு இறங்குச்சு, ரெண்டு பிஸ்கட் குடுத்துட்டேன்" என்று மதியம் செய்தி வரும். அவள் கணக்குப் பாடத்தில் கவனம் சிதறுகிறாள் என்ற குறை முன்பு அடிக்கடி வந்தது. காலை உணவுக்குப் பின் எகிறிக்கொண்டிருந்த கோட்டைச் சமன் செய்த பிறகு அந்தக் குறை குறைந்திருக்கிறது. அவள் ஒரு வயது கூடியதாலும் அப்படி இருக்கலாம்; முழுப் பெருமையையும் கருவிக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

இனி கருவியின் குறைகள். சென்சார் காட்டுவது இரத்தத்தின் அளவை அல்ல, திசுநீரின் அளவை; ஆகவே வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் அது ஐந்து முதல் பத்து நிமிடம் பின்தங்கியே இருக்கும். குளுக்கோஸ் கொடுத்த பிறகும் எண் ஏறவில்லை என்று மேலும் மேலும் கொடுப்பது இதனால்தான். பதினைந்து நிமிடம் கழித்து விரலில் குத்திப் பாருங்கள். பெரியவர்களுக்குச் சொல்லும் பதினைந்து கிராம் கணக்கு சிறு குழந்தைக்கு அதிகம். எடைக்கேற்ற அளவை மருத்துவரிடம் எழுதி வாங்கி, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள். ஒட்டிய முதல் நாள் எண்கள் நம்பத்தகுந்தவையாக எங்களுக்கு இருந்ததில்லை. பழையது முடிவதற்கு முதல் நாள் மாலை புதியதை ஒட்டிவிட்டு மறுநாள் காலை தொடங்குகிறோம். குளுக்கோமீட்டரையும் அதன் சோதனைப் பட்டைகளையும் பரணில் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குழந்தையின் நிலையும் எண்ணும் ஒத்துப்போகாத ஒவ்வொரு முறையும் அது வேண்டும்.

பசை, பெரிய தலைவலி. சித்திரை வெயிலில் வியர்வையோடு விளையாடும் குழந்தையின் கையில் பதினான்கு நாள் ஒட்டியிருக்க வேண்டும் என்பது தொழிற்சாலை நம்பிக்கை. எண்ணெய்க் குளியல் நாளில் நிச்சயம் கழன்றுகொள்ளும். எண்ணெய்க் குளியலைச் சென்சார் மாற்றும் நாளுக்குத் தள்ளிவிட்டோம். மேலே ஒட்டும் துணிப் பட்டை வாங்கி ஒட்டினால் பெரும்பாலும் முழு நாட்களும் தாங்குகிறது. பட்டையில் பூ, யானை, பட்டாம்பூச்சி என்று படங்கள் கிடைக்கின்றன. எதை ஒட்டுவது என்று மகளே தேர்ந்தெடுக்கிறாள், ஒட்டும்போது வரும் அழுகை அதனால் பாதியாகக் குறைந்தது. பசை பட்ட இடம் சில குழந்தைகளுக்குச் சிவந்து அரிக்கும். கைகளை மாற்றி மாற்றி ஒட்டுங்கள். இடையில் கழன்ற சென்சாருக்கு மாற்று கேட்டு நாங்கள் வாங்கிய கடையை அணுகியபோது, நிறுவனத்தைக் கேளுங்கள் என்றார்கள். நிறுவனத்தைக் கேட்டால் வரிசை எண்ணும் புகைப்படமும் கேட்டு, பல மின்னஞ்சல்களுக்குப் பிறகே மாற்று வந்தது. பெட்டியைச் சென்சார் காலம் முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள்.

விலை. நாங்கள் வாங்கிய வகையில் சென்சார் ஒன்று ஐயாயிரம் ரூபாயை ஒட்டி வருகிறது, மாதத்துக்கு இரண்டு. இன்சுலின், பேனா ஊசி, சோதனைப் பட்டைகள் எல்லாம் தனி. மருத்துவமனையில் படுக்காத செலவு என்பதால் எங்கள் காப்பீடு ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021 மதிப்பீட்டின்படி, இருபது வயதுக்குட்பட்ட முதல் வகை நீரிழிவாளர்கள் உலகிலேயே அதிகமாக இருப்பது இந்தியாவில்தான், ஏறத்தாழ 2.29 லட்சம் பேர். அவர்களில் பெரும்பாலோருக்கு இந்தச் செலவு எட்டாதது. அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கிறது; சென்சாரையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று கேட்பது ஆடம்பரக் கோரிக்கை அல்ல, குறைந்தபட்சம் ஏழு வயதுக்குட்பட்டவர்களுக்கு. தொடர்ந்து வாங்க முடியாதவர்கள் மனம் உடைய வேண்டாம். மருத்துவரைச் சந்திப்பதற்கு முந்தைய இரண்டு வாரம், பள்ளி தொடங்கும் காலம், மருந்தளவு மாற்றும் காலம் என்று ஆண்டில் சில முறை மட்டும் ஒட்டி, அதில் தெரிந்த போக்கை வைத்து மீதி மாதங்களை விரல் சோதனையோடு நடத்தும் குடும்பங்கள் எங்கள் மருத்துவமனையில் உண்டு; அவர்களில் சிலரின் எச்பிஏ1சி எங்களுடையதைவிட நன்றாக இருக்கிறது. மாவுச்சத்துக் கணக்கையும் மருந்தளவையும் கற்றுத் தரும் ஆலோசகர் இல்லாமல் சென்சார் மட்டும் வாங்குவது, என்னைக் கேட்டால், பணத்தை வீணடிப்பது.

சென்சாரோடு நிற்காமல், அது சொல்வதைக் கேட்டு இன்சுலினைத் தானே கூட்டிக் குறைக்கும் பம்புக்குப் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஒன்று முதல் ஏழு வயது வரையிலான 74 குழந்தைகளிடம் ஐரோப்பாவில் நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வில், அத்தகைய அமைப்பு குழந்தைகளை நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாக இலக்குக்குள் வைத்திருந்தது. ஆபத்தான இறக்கங்கள் கூடவில்லை. அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட சிறிய ஆய்வில், எட்டு வயதுக்கு முன் நோய் வந்த 14 முதல் 17 வயதினர் ஆறு மாதம் இத்தகைய அமைப்பைப் பயன்படுத்தியபோது, மூளைப் படங்களிலும் சிந்தனைச் சோதனைகளிலும் முன்னேற்றத்தின் அறிகுறிகள் தெரிந்தன. பாதிப்பு மீளக்கூடியதாக இருக்கலாம் என்ற செய்தியே எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் இங்கே பம்பின் விலை லட்சங்களில் போகிறது, மாதச் செலவு தனி. இப்போதைக்கு நாங்கள் பேனாவோடுதான் இருக்கிறோம்.

யாருக்குப் பரிந்துரைக்கிறேன் என்றால், ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை, இரவில் சர்க்கரை இறங்கும் வரலாறு, அல்லது தன் நிலையைச் சொல்லத் தெரியாத வயது, இவற்றில் ஒன்று இருந்தாலும் வேறு செலவைக் குறைத்தாவது வாங்குங்கள். எண்ணைப் பார்க்காமல் ஐந்து நிமிடம் இருக்க முடியாத அளவுக்குப் பதற்றம் உள்ள பெற்றோர், முதல் சென்சாரை மருத்துவரின் மேற்பார்வையில் ஒட்டிப் பாருங்கள். கருவி பதற்றத்தைக் கூட்டுகிறதா, தணிக்கிறதா என்று ஒரு பெட்டியிலேயே தெரிந்துவிடும். வாங்கும்போது காலாவதித் தேதி குறைந்தது மூன்று மாதம் தள்ளி இருக்கிறதா, தானாக எச்சரிக்கை ஒலி எழுப்பும் வகைதானா, அல்லது கைப்பேசியை அருகே கொண்டுபோனால்தான் எண் காட்டும் பழைய வகையா, உங்கள் கைப்பேசியில் அந்தச் செயலி ஓடுமா என்ற மூன்றையும் கடையிலேயே பார்த்துவிடுங்கள். பெட்டியைப் பிரித்த பிறகு எந்தக் கடையும் திரும்ப வாங்குவதில்லை.